பத்து லட்சத்துக்குள் இருபது பேர்

கோயமுத்தூர்
14.5.1996

அன்புள்ள மூர்த்திக்கு,

கேசவன் எழுதுகிறேன். மாசாணியம்மாளும் குழந்தையும் சுகமாக இருப்பார்கள் என்று நம்புகிறேன். இங்கே வெங்கடலட்சுமிக்கு மறுபடியும் மூச்சிரைப்பு. பஞ்சுத் தூசு குவார்ட்டர்ஸ் வரைக்கும் வருகிறது என்று மில்லைத் திட்ட ஆரம்பித்து என்னைத் திட்டுவதில் கொண்டுவந்து முடிப்பாள்.

சீசன் முடிந்த அன்றைக்கே பெட்டியைக் கட்டிக்கொண்டு ஆனைமலைக்குப் போய்விட்டாய். என்னிடம் ஒரு வார்த்தை இல்லை. நீ ஸ்டாப்பர் பேக், நான் கோல் கீப்பர் என்று ஒன்பது வருஷம் உன் முதுகைப் பார்த்துக்கொண்டே நின்றவன் நான். முதுகை வைத்தே உன் கோபத்தைக் கண்டுபிடித்துவிடுவேன். உன் சம்பளத்தைக் குறைக்கப் போகிறார்கள் என்று கேன்டீனில் எவனோ சொல்லி நீ தெரிந்துகொண்டாய். நான் முன்பே சொல்லியிருக்க வேண்டும். 'இப்போதைக்கு வாயைத் திறக்காதே' என்று மேலிடத்தில் சொன்னார்கள், திறக்கவில்லை. மேனேஜர் நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு வருஷத்தில் நான் கற்றுக்கொண்டது அவ்வளவுதான்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். மில் லீக்கில் ஒரு டீம் ஆட்டக்காரர்களுக்கு வருஷத்துக்குப் பத்து லட்சத்துக்கு மேல் செலவு செய்யக்கூடாது என்று சங்கம் உச்சவரம்பு வைத்திருப்பது உனக்குத் தெரியும். நம்மிடம் இருபது பேர். உனக்கு மட்டும் ஒரு லட்சத்து இருபதாயிரம். உன் ஒப்பந்தத்தில் இன்னும் இரண்டு வருஷம் பாக்கி இருக்கிறது. இதற்கு நடுவில் நம் ஃபார்வர்டு உதயை இன்னொரு மில் அறுபதாயிரத்துக்குக் கூப்பிடுகிறது. அவனை விட்டுவிட்டால் கோல் போட ஆளில்லை. வைத்துக்கொள்ளலாம் என்றால் வரம்பு இடிக்கிறது.

அதற்கு ஒரு வழி இருக்கிறது. உன் வருஷச் சம்பளத்தை நாற்பதாயிரம் என்று மாற்றி எழுதுவோம். மிச்சம் எண்பதாயிரத்தை ஜூன் மாதமே மொத்தமாக உன் கையில் கொடுத்துவிடுவோம். மொத்தமாகக் கொடுக்கும் பணத்தை ஒப்பந்தம் எத்தனை வருஷமோ அத்தனை பங்காகப் பிரித்துத்தான் சங்கம் கணக்கில் எடுக்கும். அதனால் உன் ஒப்பந்தத்தில் பேருக்கு இன்னும் இரண்டு வருஷம் சேர்த்து நாலு வருஷமாக்குகிறோம். வருஷத்துக்கு இருபதாயிரம். ஆக இந்த வருஷம் உன் பேரில் அறுபதாயிரம்தான் விழும். இன்னொரு அறுபதாயிரம் மிச்சமாகும். அதில் உதய் நிற்பான்.

உனக்கு ஒரு பைசா குறையாது. முன்கூட்டியே கைக்கு வருகிறது. கோபத்தை ஓரமாக வைத்துவிட்டு யோசி. ஜூன் முப்பதுக்குள் பட்டியல் கொடுக்க வேண்டும்.

உன்
கேசவன்

ஆனைமலை
22.5.1996

மேனேஜர் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. இரண்டு தடவை படித்தேன்.

நில உச்சவரம்புச் சட்டம் வந்தபோது எங்கள் பெரியப்பா தோட்டத்தை மச்சினன் பேரில் கொஞ்சம், மகள் பேரில் கொஞ்சம், கடைசியில் மாடு மேய்க்கிறவர் பேரில் கொஞ்சம் என்று எழுதி வைத்தார். நிலம் அதே நிலம்தான். காகிதத்தில் மட்டும் சிறுத்துப் போயிற்று. நீங்கள் என்னை வருஷவாரியாகப் பிரித்து எழுதுகிறீர்கள். புரிகிறது. நீங்கள் சேர்க்கிற அந்தக் கடைசி இரண்டு வருஷத்தில் எனக்கு வயது முப்பத்தாறு, முப்பத்தேழு. அப்போது நான் ஆடமாட்டேன் என்பது உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும், சங்கத்துக்கும் தெரியும். எல்லோருக்கும் தெரிந்த பொய்க்குப் பேர்தான் விதிமுறை போலிருக்கிறது.

சம்பளத்தைக் குறைப்பதில் எனக்கு வருத்தமில்லை. வயதானவனுக்குக் குறைப்பார்கள், அது தெரிந்ததுதான். கேன்டீனில் தட்டோடு நிற்கும்போது ஸ்டோர்ஸ் கிளார்க் வந்து, "ஏனுங்க மூர்த்தி, உங்களுக்குச் சீட்டுக் கிழியுதாமா?" என்று கேட்டார். அதுதான் இன்னும் போகவில்லை. நீங்கள் மூன்று மேசை தள்ளி உட்கார்ந்து மோர் குடித்துக்கொண்டிருந்தீர்கள்.

உதய் நல்ல ஆட்டக்காரன். அவன் போகக்கூடாது. தாளை அனுப்புங்கள், கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். மாசாணி வெகுநாளாகத் தோட்டத்தில் போர் போட வேண்டும் என்கிறாள். கிணறு வற்றி மூன்று வருஷமாயிற்று. அந்தப் பணம் அதற்கு ஆகும்.

உங்கள் வீட்டம்மாவுக்கு மூச்சிரைப்பு என்று எழுதியிருந்தீர்கள். ஆடாதோடை இலை ஒரு பையில் அனுப்புகிறேன். அது அவர்களுக்கு, உங்களுக்கில்லை.

இப்படிக்கு,
ஈஸ்வரமூர்த்தி

கோயமுத்தூர்
2.6.1997

அன்புள்ள மூர்த்தி,

போன சீசனில் இரண்டாம் இடம். அரையிறுதியில் நீ கோட்டு மேலிருந்து பந்தைத் தலையால் வெளியே தள்ளியதை இன்னும் மில்லில் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

மறுபடியும் அதே வேலையாக எழுதுகிறேன், எழுதவே கூச்சமாக இருக்கிறது. கோல் கீப்பர் பீர் முகம்மதுக்கு நாற்பதாயிரம் கொடுத்தால்தான் நிற்பான். போன வருஷம் செய்தது போலவே இந்த வருஷச் சம்பளத்திலும் எண்பதாயிரத்தை மொத்தமாகக் கொடுத்துவிட்டு, ஒப்பந்தத்தில் இன்னும் ஒரு வருஷம் பேருக்குச் சேர்த்துக்கொள்ளலாம் என்று பார்க்கிறோம். சரியாக நாற்பதாயிரம் மிச்சமாகிறது.

ஒன்று சொல்லிவிடுகிறேன். இப்படித் தள்ளித் தள்ளி வைத்ததெல்லாம் சேர்ந்து ஒருநாள் ஒரே வருஷத்தில் வந்து விழும். அது அடுத்த வருஷத்துத் தலைவலி. இந்த வருஷத் தலைவலிக்கே என்னிடம் மாத்திரை இல்லை. பெரிய முதலாளிக்கு உடம்பு சரியில்லாததால் டீம் பொறுப்பு சின்ன முதலாளி மதன்குமாருக்கு வந்திருக்கிறது. அவர் எதையும் இரண்டு தடவை கேட்பதில்லை.

கேசவன்

ஆனைமலை
9.6.1997

கேசவா,

தாளில் கையெழுத்துப் போட்டு இதோடு வைத்திருக்கிறேன். பின்பக்கம் பொடி எழுத்தில் என்னென்னவோ இருந்தது. படிக்கவில்லை. உன் கையெழுத்து கீழே இருந்தது, போட்டுவிட்டேன்.

போன வருஷம் போட்ட போரில் அறுநூறு அடிக்குத் தண்ணீர் வந்தது என்று சொன்னேன் இல்லையா? ஏப்ரலில் நின்றுவிட்டது. இப்போது வருகிற பணத்தில் இன்னும் முந்நூறு அடி இறக்கி, புது மோட்டார் வாங்கிப் போட வேண்டும். மாசாணி சொல்கிறாள், "நீங்க ஆடுற வருசத்தையெல்லாம் இந்தக் குழிக்குள்ளயே போட்டுப்போட்டோமுங்க" என்று. சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

வலது முழங்கால் வீங்குகிறது. மாடிப்படி இறங்கும்போதுதான் வலி. ஓடும்போது தெரிவதில்லை, நின்ற பிறகுதான் தெரிகிறது. யாரிடமும் சொல்லாதே.

மூர்த்தி

ஆனைமலை
11.5.1998

அன்புள்ள கேசவனுக்கு,

பிப்ரவரியில் கோயமுத்தூரில் குண்டு வெடித்து சீசனைப் பாதியில் நிறுத்தியபோது, ஊரே அழுதுகொண்டிருக்க, எனக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதி வந்தது. இனி இந்த வருஷம் ஓட வேண்டாம் என்ற நிம்மதி. அப்படி நினைத்ததற்கு வெட்கப்பட்டேன். என் ஆட்டம் முடிந்துவிட்டது என்பதும் அப்போதே தெரிந்துபோயிற்று.

பொள்ளாச்சியில் டாக்டரிடம் காட்டினேன். "ஜவ்வு தேஞ்சு போச்சுங்க. இனிப் பந்து வெளையாடுனீங்கன்னா அப்புறம் தோட்டத்துல நடக்கறதுக்கே ஆள் புடிக்கோணும்" என்றார். மாசாணி பக்கத்திலேயே இருந்தாள். வீட்டுக்கு வந்ததும் என் பூட்ஸை எடுத்துத் துணியில் சுற்றி மச்சில் வைத்துவிட்டாள்.

ஆகவே இந்த வருஷம் என்னை விட்டுவிடுங்கள். என் உண்மையான ஒப்பந்தம் முடிந்துவிட்டது. மிச்சமிருக்கும் மூன்று வருஷமும் நீ பேருக்குச் சேர்த்ததுதான். ஒரு விடுவிப்புக் கடிதம் போதும். பாராட்டு விழா, மாலை எதுவும் வேண்டாம். மேடையேறப் படி இருக்கும்.

உன்
மூர்த்தி

கோயமுத்தூர்
29.5.1998

அன்புள்ள மூர்த்தி,

இந்தக் கடிதத்தை மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். நாலாவதாக எழுதுவதும் நன்றாக வரப்போவதில்லை, அப்படியே அனுப்புகிறேன்.

நூல் விலை விழுந்து எல்லா மில்லும் தள்ளாடுகிறது. முதலாளிகள் கூடி இந்த வருஷம் உச்சவரம்பைப் பத்து லட்சத்திலிருந்து ஒன்பதாக இறக்கிவிட்டார்கள். நீ இல்லாமலேயே நம் பட்டியலில் ஒன்பது லட்சம் நிரம்பிவிட்டது. உனக்கு மொத்தமாகக் கொடுத்ததில் வரும் வருஷங்களுக்கென்று தள்ளி வைத்தது ஒரு லட்சம். நாங்களாக உன்னை விடுவித்தால் அந்த ஒரு லட்சமும் இந்த வருஷமே வரம்புக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். ஒரு லட்சத்துக்கு நான் இரண்டு பேரை நிறுத்த வேண்டும். கணக்குப் போட்டுப் பார்த்தேன். உதய் அறுபது, பீர் முகம்மது நாற்பது. மற்றவர்கள் ஒப்பந்தமெல்லாம் பாதியில் நிற்கிறது, தொட முடியாது.

நீயாக விலகினால் வேறு மாதிரி. நீ படிக்காமல் விட்ட அந்தப் பின்பக்கத்தில் ஒரு விதி இருக்கிறது. ஆட்டக்காரர் தானாக விலகினால், ஆடாத வருஷங்களுக்கான பங்கை மில்லுக்குத் திருப்பித் தர வேண்டும். தந்துவிட்டால் அது வரம்பில் விழாது. பட்டியல் தப்பிக்கும், இரண்டு பேரும் நிற்பார்கள்.

சின்ன முதலாளி சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "அவருதானுங்க போறேங்கறாரு? நம்ம ஏன் விடுவிக்கோணும்? விலகறேன்னு எழுதி வாங்குங்க. பணத்த வேணும்னா ரெண்டு தவணைல கட்டட்டும்."

அந்த விதி இருந்தது எனக்குத் தெரியுமா என்று நீ கேட்பாய். தெரியும். எல்லா ஒப்பந்தத்திலும் அச்சடித்து வருவதுதான், யாரிடமும் கேட்டதில்லை, உன்னிடமும் கேட்க மாட்டார்கள் என்று நினைத்தேன். ஒரு பைசா குறையாது என்று உனக்கு எழுதிய கை இதே கைதான்.

என்ன செய்யலாம் என்று நீயே சொல்.

கேசவன்

ஆனைமலை
8.6.1998

மேனேஜர் அவர்களுக்கு,

ஒரு லட்சம் என்னிடம் இல்லை. அது தொள்ளாயிரம் அடி ஆழத்தில் இருக்கிறது. உங்கள் சின்ன முதலாளி வந்து தோண்டி எடுத்துக்கொள்ளட்டும்.

உங்கள் கடிதத்தை மாசாணிக்குப் படித்துக் காட்டினேன். அவள் உள்ளே போய்த் தாலிக்கொடி தவிர மற்றதையெல்லாம் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். "குடுத்துப்போட்டு வந்துருங்க, நிம்மதியா இருக்கலாம்" என்றாள். எடுத்து உள்ளே வை என்றேன். பதினைந்து வருஷத்தில் அவளிடம் நான் சத்தம் போட்டது அது இரண்டாவது தடவை.

நான் பணம் கேட்கவில்லை. சம்பளம் கூட்டுங்கள் என்று ஒருநாளும் கேட்டதில்லை. உதய் நிற்க வேண்டும் என்றீர்கள், கையெழுத்துப் போட்டேன். பீர் முகம்மது நிற்க வேண்டும் என்றீர்கள், போட்டேன். இப்போது அதே இரண்டு பேரைக் காட்டி என்னைப் பயமுறுத்துகிறீர்கள். அவர்கள் வேலை போவதற்கு நான் காரணம் என்று ஆகிவிட்டது. யோசித்தது நீங்கள், எழுதியது நீங்கள், பழி மட்டும் என் பங்கு.

நான் விலகப் போவதில்லை. பதினைந்தாம் தேதி பிராக்டீஸ் ஆரம்பம் என்று நோட்டீஸ் வந்திருக்கிறது. வருகிறேன். மூன்று நாள் வராவிட்டால் தானாக விலகியதாக எடுத்துக்கொள்வீர்களாம், அந்தப் பொடி எழுத்தை இப்போது முழுக்கப் படித்துவிட்டேன். தினமும் வருவேன். உங்களுக்கு வேண்டாமென்றால் நீங்கள் விடுவியுங்கள்.

பூட்ஸை மச்சிலிருந்து நானே எடுத்துக்கொண்டேன். ஏணியில் ஏறத்தான் சிரமமாக இருந்தது.

ஈஸ்வரமூர்த்தி

கோயமுத்தூர்
22.6.1998

மூர்த்திக்கு,

ஒரே மில் காம்பவுண்டுக்குள் இருந்துகொண்டு தபால் எழுதுகிறேன். நீ பேச மறுக்கிறாய். நேற்றுக் குழாயடியில் நான் வந்ததும் குடத்தை நிரப்பாமலேயே எடுத்துக்கொண்டு போனாய். இதை வாட்ச்மேன் கையில் கொடுத்தால் ஊர் முழுக்கத் தெரியும் என்று ஸ்டாம்பு ஒட்டிப் பெட்டியில் போடுகிறேன்.

ஒரு வாரமாக நீ கிரவுண்டில் நிற்பதைப் பார்க்க முடியவில்லை. வலது காலை ஊன்றாமல் இடது காலில் எடையைப் போட்டு நிற்கிறாய். பையன்கள் யாரும் உன் பக்கம் பந்தை அடிப்பதில்லை, உனக்காக. உதய் உன் எதிரில் வந்தால் வேண்டுமென்றே பந்தை விட்டுவிடுகிறான். அவனுக்கும் பீர் முகம்மதுக்கும் எல்லாம் தெரிந்துவிட்டது. பீர் முகம்மது என்னிடம் வந்து, "சார், அண்ணன் காலு பாவமுங்க. என் பேர எடுத்துருங்க, நான் எங்கண்ணன் கடைக்குப் போயிக்கறேன்" என்றான். அவன் ஒருவனை எடுத்தால் மட்டும் போதாது என்று அவனுக்குச் சொல்ல வேண்டியிருந்தது.

சின்ன முதலாளி இன்று கூப்பிட்டார். "நிக்க வெச்சா நிப்பாரு. ஓட விடுங்க. தினமும் கிரவுண்ட இருவது சுத்து. அவராவே போயிருவாரு" என்றார். நாளையிலிருந்து அப்படித்தான் செய்ய வேண்டும். விசில் என்னிடம்தான் இருக்கும்.

உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன். கால் போய்விட்டால் ஒரு லட்சத்தால் திரும்ப வராது. விலகுகிறேன் என்று எழுதிக் கொடு. பாதியை நான் கட்டுகிறேன். பி.எஃபிலிருந்து எடுக்கலாம்.

கேசவன்

மில் குவார்ட்டர்ஸ்
23.6.1998

மேனேஜர் அவர்களுக்கு,

உங்கள் பி.எஃப். உங்கள் வீட்டம்மாவின் வைத்தியத்துக்கு. அதை என் முன்னால் நீட்டாதீர்கள்.

இன்று இருபது சுற்று ஓடினேன். பதினாலாவதில் இருந்து எண்ணவில்லை, நீங்கள் எண்ணியிருப்பீர்கள். நாளைக்கும் ஓடுவேன். விசிலை மட்டும் கொஞ்சம் சத்தமாக ஊதுங்கள். இன்றைக்கு உங்களுக்கு மூச்சே வரவில்லை.

ஈஸ்வரமூர்த்தி

கோயமுத்தூர்
2.7.1998

அன்புள்ள மூர்த்தி,

உன்னை ஆனைமலைக்குக் காரில் அனுப்பிவைத்த பிறகு நடந்தது எதுவும் உனக்குத் தெரிந்திருக்காது. என் வாயால் தெரிந்துகொள்வதுதான் முறை. கேன்டீனில் நடந்தது போல இன்னொரு தடவை நடக்க வேண்டாம்.

சனிக்கிழமை பதினோராவது சுற்றில் கார்னர் கொடிப் பக்கம் நீ விழுந்தாய். எத்தனையோ மேட்சில் நீ விழுந்து பார்த்திருக்கிறேன். விழுந்த உடனே கையை ஊன்றி எழுந்துவிடுவாய். அன்றைக்கு எழவில்லை, சத்தமும் போடவில்லை. நான் வாயில் விசிலோடு நின்றுகொண்டிருந்தேன். பீர் முகம்மது கோல் போஸ்ட்டிலிருந்து ஓடி வந்து உன் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டான். நீ எழுந்து உட்கார்ந்து, "இன்னும் ஒம்போது இருக்குது" என்றாய். என் பக்கம் பார்த்துத்தான் சொன்னாய்.

நான் நேராக ஆபீசுக்குப் போனேன். டீம் மேனேஜருக்கு ஆட்டக்காரரை விடுவிக்கும் அதிகாரம் உண்டு. இத்தனை வருஷமாகக் கேட்டுக் கேட்டுச் செய்ததால் அது எனக்கே மறந்துபோயிருந்தது. நானே தட்டச்சு செய்து, கையெழுத்துப் போட்டு, சங்கத்து ஆபீசில் பகல் ஒரு மணிக்குக் கொடுத்து முத்திரை வாங்கிக்கொண்டேன். உன் நகல் இதோடு இருக்கிறது. பத்திரமாக வை. மில் உன்னிடம் ஒரு பைசா கேட்க முடியாது.

திங்கட்கிழமை சின்ன முதலாளி கூப்பிட்டார். அவர் கத்தவில்லை. "எங்கப்பா உங்களுக்குக் குடுத்த சேருங்க அது" என்றார். மறுநாளிலிருந்து பஞ்சு குடோனில் சூப்பர்வைசர். சம்பளம் அதேதான். வெங்கடலட்சுமி கோபித்துக்கொள்வாள் என்று பயந்தேன். "உங்க சட்டையில தூசு ஒட்டீட்டு வந்தா வாசல்லயே கழட்டிப் போட்டுட்டு வாங்க" என்று மட்டும் சொன்னாள்.

முப்பதாம் தேதி பட்டியல் போனது. பதினெட்டுப் பேர். உதயும் பீர் முகம்மதும் இல்லை. புது மேனேஜர் வருவதற்கு முன் நானே இருவரையும் கூப்பிட்டுச் சொன்னேன். பீர் முகம்மது கையுறையை மேசையில் வைத்தான், மில் சொத்து என்று. எடுத்துக்கொண்டு போடா என்றேன். உதய் கதவைச் சாத்திவிட்டுப் போனான். இரண்டு வருஷத்துக்கு முன் அவன் நிற்க வேண்டும் என்றுதானே இதையெல்லாம் ஆரம்பித்தோம். வேறு டீமில் சேர பத்தாம் தேதி வரை கெடு இருக்கிறது. நான் பேசினால் எடுபடாது.

ஐந்து நாள் நான் விசில் ஊதினேன். முதல் நாளே ஆபீசுக்குப் போயிருக்கலாம். ஏன் போகவில்லை என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

கேசவன்

ஆனைமலை
27.7.1998

அன்புள்ள கேசவா,

உன் கடிதம் வந்த மறுநாளே பதில் எழுத உட்கார்ந்தேன். என்ன எழுதுவதென்று தெரியவில்லை. எழுதுவதற்கு முன்னால் செய்ய வேண்டியது ஒன்று இருப்பதாகப் பட்டது.

ஏழாம் தேதி ஒரு வாடகைக் கார் பிடித்து, காலைப் பின்சீட்டில் நீட்டிக்கொண்டு சிங்காநல்லூரில் உதய் வீட்டுக்குப் போனேன். அவன் வாசலுக்கு வரவில்லை. அவன் அம்மா பங்காரம்மாதான் வந்து, "அவனுக்கு உங்க மேல கோபமுங்க" என்றார்கள். "இருக்கட்டுங்க. கோபத்தோடயே வந்து கார்ல ஏறச் சொல்லுங்க" என்றேன். அரைமணி நேரம் கழித்து வந்து ஏறினான். அங்கிருந்து உக்கடத்துக்குத் திரும்பி வந்து பீர் முகம்மதையும் ஏற்றிக்கொண்டேன். கருமத்தம்பட்டியில் விசைத்தறிக்காரர்கள் இந்த வருஷம் புதிதாக ஒரு டீம் இறக்குகிறார்கள். அவர்களுக்கு வரம்பில் இடம் நிறைய இருக்கிறது, ஆட்கள்தான் இல்லை.

அங்கே டீம் பொறுப்பில் இருந்தவர் என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். என் ஆட்டத்தைப் பார்த்தே வளர்ந்தவராம். டீ வந்தது. உதயின் ஷூட்டிங்கைப் பத்து நிமிஷம் பார்த்தார். அங்கேயே ஐம்பத்தைந்தாயிரத்துக்கு எழுதிவிட்டார். பீர் முகம்மதையும் பார்க்கச் சொன்னேன். பார்த்தார். எட்டுப் பந்தில் ஏழைப் பிடித்தான். "நல்லா புடிக்கறாருங்க" என்றார். பிறகு பேரைக் கேட்டார். சொன்னான். "கீப்பர் ஒருத்தர்கிட்டப் பேசி வெச்சிருக்கறமுங்க" என்றார். அதற்கு முன்னால் நாங்கள் காரை விட்டு இறங்கும்போதே தங்களுக்குக் கீப்பர் இல்லையென்று அவரே சொல்லியிருந்தார். நான் அதை நினைவுபடுத்தினேன். அவர் டீ டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பீர் முகம்மதுதான், "போலாமுங்கண்ணா, நேரமாச்சு" என்று என் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டான். பிப்ரவரிக்கு அப்புறம் இந்த ஊரில் அவன் இதை எத்தனை இடத்தில் பார்த்திருப்பானோ. முகம் மாறவே இல்லை. வேறு இரண்டு இடத்தில் போனில் பேசினேன். பத்தாம் தேதி போய்விட்டது.

நேற்று நேரு ஸ்டேடியத்தில் நம் மில்லுக்கும் கருமத்தம்பட்டிக்கும் முதல் மேட்ச். டிக்கெட் வாங்கிக்கொண்டு பார்க்கப் போனேன். இத்தனை வருஷத்தில் அங்கே டிக்கெட் வாங்கியது அதுதான் முதல் தடவை. பீர் முகம்மது பக்கத்தில் உட்கார்ந்திருந்தான், அண்ணன் கடையை ஒரு வேளைக்குச் சாத்தச் சொல்லிவிட்டு வந்திருந்தான். நம் புதுக் கீப்பர் பையன் ஒவ்வொரு கார்னருக்கும் கோட்டிலேயே நின்றான். பீர் முகம்மது மெதுவாக, ஏதோ அவனுக்குக் கேட்கும் என்பது போல, "வெளிய வா, வெளிய வா" என்று சொல்லிக்கொண்டே இருந்தான். அவன் வரவில்லை. எழுபதாவது நிமிஷத்தில் உதய் தலையால் முட்டிக் கோல் போட்டான். நம் மில் ஆட்கள் பக்கம் சத்தமே இல்லை. நான் எழுந்து கைதட்டினேன். காலில் வலி ஏறியது, உட்காராமல் தட்டினேன். முன்வரிசையில் ஒருவர் திரும்பி, "ஏனுங்க, நீங்க நம்ம மில்லுதானுங்களே?" என்றார். இல்லீங்க என்றேன்.

அப்போதுதான் எதிர் கேலரியில் உன்னைப் பார்த்தேன். தனியாக, மேல் படியில், துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். நீயும் கைதட்டிக்கொண்டிருந்தாய். கூப்பிட்டால் கேட்காத தூரம். மேட்ச் முடிந்து அந்தப் பக்கம் சுற்றி வருவதற்குள் நீ போய்விட்டாய். எனக்கு இப்போது எல்லாவற்றுக்கும் நேரம் பிடிக்கிறது.

கேசவா, உன்மேல் எனக்குக் கோபம் இருந்தது. ஐந்து நாளும் ஓடும்போது அந்தக் கோபத்தில்தான் ஓடினேன். இப்போது அது எங்கே போனது என்று தெரியவில்லை. தேடிப் பார்க்கவும் தெம்பில்லை. உன் நாற்காலி போனதற்கு நான் சந்தோஷப்படவில்லை, வருத்தப்படுகிறேன் என்று எழுதினாலும் சரியாக இல்லை. நீ இன்னும் அந்த நாற்காலியில் இருந்திருந்தால் இந்தக் கடிதத்தை எழுதியிருக்கமாட்டேன் என்பது மட்டும் நிச்சயம்.

முழங்காலைக் கிழித்துப் பார்க்க வேண்டும் என்கிறார்கள். மூன்றாம் தேதி திங்கட்கிழமை கோயமுத்தூர் வந்து ஆஸ்பத்திரியில் சேர்கிறேன். மாசாணி வர முடியாது, குழந்தைக்கு அம்மை போட்டிருக்கிறது. கூட ஒரு ஆள் இருக்க வேண்டுமாம். உனக்கு குடோனில் லீவு கிடைக்குமா என்று தெரியவில்லை. கிடைக்காவிட்டால் பீர் முகம்மதைக் கேட்டுக்கொள்கிறேன். ஆனால் உன்னைத்தான் முதலில் கேட்கிறேன்.

உன்
மூர்த்தி

கோயமுத்தூர்
30.7.1998

மூர்த்தி,

ஐந்து நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். குடோனில் நான் இல்லாததை யாரும் கவனிக்கப் போவதில்லை, அந்த வேலையில் அது ஒரு சௌகரியம். சாப்பாடு வெங்கடலட்சுமி கொடுத்து அனுப்புவாள். பீர் முகம்மதிடமும் சொல்லிவிட்டேன். சாயங்காலம் கடை சாத்தியதும் வந்து என்னை மாற்றிவிடுகிறான். அம்மை இறங்கித் தலைக்குத் தண்ணீர் ஊற்றும் வரை மாசாணியம்மாள் அங்கேயே இருக்கட்டும், அவசரப்பட வேண்டாம் என்று சொல்.

ஆறரை மணிப் பொள்ளாச்சி பஸ்ஸில் ஏறு. அதில்தான் கால் நீட்ட முன்பக்கம் இடம் கிடைக்கும். உக்கடத்தில் பஸ் நின்றதும் கூட்டத்தோடு நீயாக இறங்கிவிடாதே. எல்லோரும் இறங்கட்டும். நான் ஏறி வருகிறேன்.

கேசவன்